மாதக் கடைசி எண்

கொம்பியூட்டர் புரோகிராமுக்குக் கையேடு எழுதுகிறவரை உலகம் எழுத்தாளர் என்று எண்ணுவதில்லை. கதை எழுதினால் நாலு பேர் திட்டவாவது திட்டுவார்கள். கையேட்டுக்கு அந்தக் கொடுப்பினைகூடக் கிடையாது. ஆடுகிற மேசையின் காலுக்கு அண்டை கொடுப்பார்கள், தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைப்பார்கள். எழுதியவர் பெயர் அதில் இருக்காது. இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரத்தினசிங்கம் இதெல்லாம் தெரிந்துதான் அந்த வேலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் சீனியும் மாவும் பதிந்துகொண்டிருந்த மனிதர், இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நிலாம் என்பவர் நடத்திய சின்னக் கம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. நிலாம் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர். எழுதியதை இன்னொருவருக்கு விளங்கச் சொல்லத்தான் அவருக்கு வராது.

"நீங்க ஸ்டோர்ஸ்ல ஈந்த ஆள்" என்றார் நிலாம். "நான் செய்யிறத ஸ்டோர்ஸ்காரனுக்கு விளங்கிற மாதிரி எழுதித் தாங்க. அது போதும்."

தங்குவது பாமன்கடைப் பகுதியில், சிவக்கொழுந்து அன்ரியின் வீட்டுப் பின்னறையில். அன்ரி கணவனை இழந்தவர். பிள்ளைகள் லண்டனில். அந்தக் காலத்தில் தனித்த தமிழ் ஆணுக்குக் கொழும்பில் அறை கிடைப்பதே பெரிய காரியம். கிடைத்த அறையில் மூச்சுச் சத்தமும் கேட்காமல் இருப்பதைத் தன் கடமையாகவே இரத்தினசிங்கம் எடுத்துக்கொண்டார். மாலையில் இடியப்பப் பார்சலோடு வருவார், கதவைச் சாத்துவார், அவ்வளவுதான். கலியாணம் ஆகவில்லை. தம்பிகளை ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு அனுப்பி முடியும்போது வயது போய்விட்டது. அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து கோல் எடுப்பார்கள். "அண்ணை, சுகமோ?" என்பதற்கும் "சரி, வைக்கிறன்" என்பதற்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெள்ளி மாலை வேலை விட்டு வந்தால், திங்கள் காலை நிலாமுக்குக் "குட் மோர்னிங்" சொல்லும்வரை ஒரு சொல்லும் பேசாத வாரங்கள் உண்டு. அந்தக் "குட் மோர்னிங்" கரகரத்துக்கொண்டு வரும். தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு தரம் சொல்லுவார்.

இப்படி இருந்தவரிடம் ஒருகொடவத்தை வேலை வந்தது.

ஒருகொடவத்தையில் ஓர் இறக்குமதிக் கம்பனிக்குப் பெரிய ஸ்டோர்ஸ் இருந்தது. பிஸ்கட், சவர்க்காரம், பால்மா, ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரி என்று எல்லாம் அங்கிருந்து லொறியில் நாடு முழுக்கப் போகும். போவதில் ஒரு பங்கு திரும்பி வரும். நனைந்தது வரும், நசுங்கியது வரும், கடைக்காரர் வேண்டாம் என்றது வரும், சோதனைச் சாவடியில் "திருப்பு" என்று சொல்லப்பட்டதும் வரும். திரும்பி வந்தவற்றைப் பதிந்து மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எடுத்துக் கொடுக்க நிலாம் ஒரு புரோகிராம் செய்தார்.

பதிகிறவர் அவசரத்தில் பிழைவிட்டுவிடுவார் என்று நிலாமுக்கு ஒரு பயம். ஆகையால் மாதம் முழுக்கப் பதிவதெல்லாம் ஒரு காத்திருப்புப் பக்கத்தில் நிற்கும். மாதக் கடைசியில் ஓர் எண்ணை அடித்தால்தான் அவை கையிருப்பில் ஏறி அறிக்கையிலும் வரும். எண்ணை மூன்று தரம் பிழையாக அடித்தால் பக்கம் பூட்டிக்கொள்ளும். அந்த எண் மாதாமாதம் மாறும். திரும்பி வந்த பெட்டிகளின் மொத்தத் தொகையை மாதத்தின் எண்ணால் பெருக்கி, அதோடு ஸ்டோர்ஸின் எண்ணைக் கூட்டவேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்குத்தான்.

ஆனால் முதல் கையேடு அச்சுக்குப் போகிற நாள்வரை அந்தக் கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்று நிலாம் முடிவு செய்யவில்லை. வேறு வழியில்லாமல் இரத்தினசிங்கம் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினார்: "மாதக் கடைசி எண்ணை இக்கையேட்டை எழுதியவரிடம் கேட்டுப் பெறவும்." நிலாமின் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். ஸ்டோர்ஸில் மாதக் கடைசி வேலை இருட்டும்வரை நடக்கும். ஆகவே அன்ரியிடம் கேட்டு, வீட்டு ரெலிபோன் நம்பரைக் கீழே போட்டார். வருகிற கோலுக்குக் காசில்லை என்பதால் அன்ரியும் சம்மதித்தார். போகிற கோலுக்கு வழியே இல்லை. டயலின் ஓட்டையில் அன்ரி ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார்.

முதல் மாதக் கடைசியில் ரெலிபோன் அடித்தது.

"தம்பி, உமக்குத்தான்" என்றார் அன்ரி, நம்பமுடியாதவர் போல.

"ஹலோ, புத்தகம் எழுதின சேரா? நான் பேர்ணடெற். ஒருகொடவத்தை ஸ்டோர்ஸ்ல இருந்து பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல்.

"ஓம், ஓம், சொல்லுங்கோ."

"சேர், புத்தகம் நல்லா இருக்கு. என்னய மாதிரி ஆளுக்கே விளங்குது. இந்த எண் ஒண்டுதான் தேவ."

புத்தகம் நல்லா இருக்கு! இரத்தினசிங்கத்துக்குக் காதுமடல் சுட்டது. அவருடைய கையேட்டை ஒரு மனிதப் பிறவி வாசித்திருக்கிறது, வாசித்து விளங்கியும் இருக்கிறது. மொத்தத் தொகையைக் கேட்டு எண்ணைச் சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் அவருடைய வாய் வேறு கேட்டது.

"என்னென்ன திரும்பி வந்தது எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ பாப்பம்."

பேர்ணடெற் சொன்னார். மாத்தறையிலிருந்து நனைந்த பிஸ்கட், கண்டியிலிருந்து மூடி கழன்ற பால்மா, நீர்கொழும்பில் ஒரு கடைக்காரர் மணம் பிடிக்கவில்லை என்று திருப்பிய சவர்க்காரம். "மணம் பிடிக்காட்டி அவர் குளிக்காம இருந்தாரா சேர்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். இரத்தினசிங்கமும் சிரித்தார். சமைத்துக்கொண்டிருந்த அன்ரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அன்ரி கேட்டதில்லை.

அதன் பிறகு மாதக் கடைசி என்றால் அவருக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு நேரத்தோடு வந்து குளித்து, கழுவி மடித்த சேட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் பேப்பர் வாசிப்பது போல் உட்கார்ந்திருப்பார். ரெலிபோனில் சேட் தெரியாது என்று அவருக்கும் தெரியும். கோல் வரும். திரும்பி வந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வரும். சாமான்களுக்கு நடுவில் மெல்ல மெல்ல மற்றவையும் வந்தன. பேர்ணடெற் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அம்மா இறந்து இரண்டு வருடம். அண்ணன் இத்தாலியில். லூசியா கோயில் மணி அடித்தால் வீட்டில் ஒரு ஆள் வந்தது போல் இருக்குமாம். ஸ்டோர்கீப்பர் காளியப்பன் நல்ல மனிதர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், ஜிந்துப்பிட்டியில் குடும்பத்தோடு இருக்கிறார், யார் வந்தாலும் தன் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுப்பார். இரத்தினசிங்கம் இவர்களில் ஒருவரையும் கண்டதில்லை. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் சாப்பிடும்போது, அந்தச் சவர்க்காரக் கடைக்காரர் இந்த மாதம் எதைத் திருப்பியிருப்பார் என்று யோசிப்பார்.

ஒரு வருடம் இப்படிப் போனது. புரோகிராமில் சில மாற்றங்கள் செய்து, கையேட்டின் இரண்டாம் பதிப்பை எழுதச் சொன்னார் நிலாம்.

"அந்த எண்ட கணக்கையும் போட்டுருங்க. இனி அது மாறாது. ஒவ்வொரு மாசமும் ஒங்களுக்கும் கரச்சல்தானே."

"ஓம், போடுறன்" என்றார் இரத்தினசிங்கம்.

கையேடு எழுதுவதில் அவர் சுத்தக்காரர். ஒரு படி தவறினால் அவருக்கு உறக்கம் வராது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கணக்கை எழுதினால் மூன்று வரி. எழுதிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் விளங்கும். அதுதான் தொல்லை. விளங்கிவிட்டால் யார் கோல் எடுப்பார்கள்? மூன்று வரியையும் அழித்துவிட்டு, "எழுதியவரிடம் கேட்டுப் பெறவும்" என்ற பழைய வரியையே திரும்பப் போட்டார். ஒரு குற்றமும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு மாதத்தில் ஒரு கோல். யாருக்கு என்ன நட்டம்?

அச்சடித்து வந்ததை நிலாம் புரட்டியும் பார்க்கவில்லை. கையேட்டை யார்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்!

அது ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த வருடம். கொழும்பில் காற்றே மாறிவிட்டது. வெள்ளவத்தைச் சந்திகளில் சாவடிகள் கூடின. வீடுகளில் புகுந்து யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பாமன்கடைக்கும் வந்தார்கள். அன்ரி பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினார். அவர்கள் பின்னறையைத் திறந்து பார்த்தார்கள், இரத்தினசிங்கத்தின் கையேட்டுப் பிரதிகளைப் புரட்டினார்கள், போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு அன்ரி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார்.

அந்த மே மாதக் கடைசியில் கோல் வந்தபோது அன்ரி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பற்றரியோ? எத்தினை பெட்டி? வவுனியாவிலயிருந்தோ?" இரத்தினசிங்கம் கூடத்தில் உரக்கக் கதைத்தார். "மதவாச்சிச் சாவடியில மறிச்சவங்களோ? சரி, சரி. அடுத்தது?"

அன்ரி அகப்பையைக் கீழே வைத்தார். புலிகளின் கைக்குப் போய்விடும் என்று ரோச் பற்றரி வடக்கே போகக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காலம். வவுனியாவுக்குப் போவதென்றாலும் அனுமதிக் கடிதம் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆண் ஒருவர், தமிழ் வீட்டு ரெலிபோனில், பற்றரிப் பெட்டியைக் கணக்குக் கேட்கிறார்! யாராவது ஒட்டுக்கேட்டால்? இது பிஸ்கட் கம்பனிக் கணக்கு என்று யாருக்குப் போய்ச் சொல்வது? அன்ரி இரத்தினசிங்கத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம். தனக்குத் தெரிந்த வழியில் ஒரு முடிவெடுத்தார்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமையில் வந்தது. இரத்தினசிங்கம் மத்தியானமே நிலாமிடம் சொல்லிவிட்டு வந்து சேட் மாற்றிக்கொண்டார். ஐந்து மணி சுமாருக்கு அன்ரி கூப்பிட்டார்.

"தம்பி, மருந்துக் கடைக்கு ஒருக்காப் போட்டு வாரும். பிறஷர்க் குளிசை முடிஞ்சு போச்சு."

மறுக்க முடியுமா? ஓடினார். அன்ரி எழுதிக் கொடுத்த குளிசை முதல் கடையில் இல்லை, அடுத்த கடையில் வரிசை, சாவடியில் அடையாள அட்டை பார்த்தார்கள். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து கேட்டார்.

"கோல் ஏதும் வந்ததோ அன்ரி?"

"இல்லையே தம்பி."

உட்கார்ந்தார். ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வெளிச்சம் போனது, அன்ரி லைற் போட்டார், சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார், அவரைப் பார்க்காமல் உள்ளே போனார். ரெலிபோன் அப்படியே இருந்தது. அவருக்கு முதலில் கவலையாக இருந்தது, பிறகு கோபமாக, பிறகு வெட்கமாக. வேறு யாரையாவது கேட்டிருப்பாள் என்று நினைத்தார். வாங்கி வந்த இடியப்பத்தை அன்றைக்குப் பிரிக்கவில்லை. சனியும் ஞாயிறும் எந்த நினைவுமில்லாமல் அறைக்குள் படுத்துக் கிடந்தார். இரண்டு தரம் கூடத்தில் மணி அடித்தது போல் இருந்தது. அவர் எழுந்து வருவதற்குள் அன்ரி வைத்துவிட்டிருந்தார். "பிழையான நம்பர்" என்றார்.

திங்கள் காலை அலுவலகத்தில் ரெலிபோன் அடித்தது. நிலாம் எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவருடைய முகம் மாறியது. ரிசீவரை இரத்தினசிங்கத்திடம் நீட்டினார்.

"சேர்" என்றது பேர்ணடெற்றின் குரல். அதில் சிரிப்பு ஒரு துளியும் இல்லை. "வெள்ளிக்கிழம எடுத்தேன். அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லைன்னாங்க. சனிக்கிழமயும் எடுத்தேன், ஞாயிறும் எடுத்தேன். அப்பிடி ஒருத்தர் இல்லவே இல்லையாம். வெள்ளிக்கிழம நானே குத்துமதிப்பா எண்ண அடிச்சிப் பார்த்தேன். மூணு தரமும் பிழ, பக்கம் பூட்டிக்கிச்சி. தலைமை ஒபீஸ்ல ரிப்போர்ட்ட கேட்டு நின்டாங்க. வந்தத அப்பிடியே குடுத்தேன்."

"பிறகு?"

"இந்த மாசமும் மதவாச்சியில பற்றரிய திருப்பினாங்க, அது அதில இல்லையே சேர். போனது இருக்கு, திரும்பினது இல்ல. திரும்பின பெட்டிகள மனேஜர் சொல்லித்தான் அடுத்த நாளே குருநாகலுக்கு ஏத்தினோம், காட்டவும் ஒண்டும் இல்ல. வடக்குக்குப் போன பற்றரிக்குக் கணக்குப் பார்க்க வந்த பொலிஸ், ரிப்போர்ட்ட பார்த்திட்டு காளியப்பன கொண்டு போயிட்டாங்க. பற்றரிய புலிக்குக் குடுத்ததாம். சனிக்கிழமயில இருந்து உள்ள இருக்கார்."

 பிடிப்பது முதலில், பார்ப்பது பிறகு என்று நடந்த காலம் அது. உள்ளே போன தமிழனுக்கு என்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நிலாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கணக்க புத்தகத்துல போடச் செல்லித்தானே செல்லின?"

"விட்டுப் போச்சு" என்றார் இரத்தினசிங்கம். பொய் சுலபமாகவே வந்தது.

இருவரும் முச்சக்கரவண்டி பிடித்து ஒருகொடவத்தைக்குப் போனார்கள். கொண்டெய்னர் லொறிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தது. ஸ்டோர்ஸின் தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கண்ணாடி அறைக்குள், மண்ணிறக் கவுன் போட்ட மெலிந்த பெண் ஒருவர் எழுந்து நின்றார். நெற்றியோரம் நரை ஓடியிருந்தது. கண் வீங்கியிருந்தது. இந்தச் சந்திப்பை இரத்தினசிங்கம் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தார். இப்படி நினைத்ததில்லை.

"வாங்க சேர்" என்றார் பேர்ணடெற். கதிரையை விட்டுக் கொடுத்தார்.

பூட்டிக்கிடந்த பக்கத்தை நிலாம் திறந்துவிட்டார். இரத்தினசிங்கம் தொகையைப் பெருக்கி, கூட்டி, எண்ணை அடித்தார். காத்திருப்புப் பக்கம் காலியாகி எல்லாம் அறிக்கையில் வந்து விழுந்தது. ரோச் பற்றரி, வவுனியா, மதவாச்சியில் திருப்பப்பட்டது, திகதி, லொறி நம்பர், பெற்றுக்கொண்டவர் காளியப்பன். பிரின்ரர் கீச்சிட்டுக்கொண்டே அடித்துத் தள்ளியது. மனேஜர் சிறில் தாளைக் கிழித்தெடுத்து ஒருதரம் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? அந்த நம்பர் ஏன் புத்தகத்துல இல்ல?"

"பிரிண்ட்ல விட்டுப் போயிட்டு" என்றார் நிலாம் அவசரமாக. "பிழை எங்கடது." தமிழன் ஒருவனை இன்னொரு தமிழனுக்காக மாட்டிவிட அவருக்கு மனமில்லை. இரத்தினசிங்கம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்ததாக உள்ளே போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாதா?

குருநாகல் கடையிலிருந்தும் சாமான் கிடைத்ததாகக் கடிதம் வரவழைத்தார் சிறில். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர் பொலிஸ் நிலையத்துக்குள் போனார். நிலாமும் கூடப் போனார். மற்ற இருவரும் எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மதிலோரத்தில், சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குந்தியிருந்தாள். காளியப்பனின் மனைவி பாக்கியலெட்சுமி. சனிக்கிழமையிலிருந்து அங்கேதான் என்றார் பேர்ணடெற். பார்சலை உள்ளே எடுக்கவில்லையாம்.

தேநீர் வந்தது. இருவரும் குடிக்கவில்லை. மாதம் ஒரு தரம் ஓயாமல் கதைத்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல் இல்லாமல் இருந்தார்கள்.

பிறகு பேர்ணடெற் கேட்டார். "ரெண்டாவது புத்தகத்திலயும் எப்பிடி சேர் விட்டுப் போகும்? நீங்க ஒரு கமாவக்கூட விடமாட்டீங்களே."

ஆறிப்போன தேநீரை இரத்தினசிங்கம் தள்ளி வைத்தார்.

"விட்டுப் போகேல்லை, மிஸ். எழுதினனான். பிறகு அழிச்சனான்."

"ஏன்?"

"போட்டால் நீங்கள் கோல் எடுக்கமாட்டியள் எண்டு."

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. பெரிய மனிதர், நரைத்த தலை, இதற்காக ஒரு மனிதனை உள்ளே தள்ளியிருக்கிறார். பேர்ணடெற் திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"அந்தப் புத்தகம் வந்த அண்டைக்கு முதல்ல கடைசிப் பக்கத்தத்தான் பார்த்தேன்" என்றார் பேர்ணடெற், மதிலோரம் இருந்த பெண்ணைப் பார்த்தபடி. "பழைய வரியே இருந்திச்சி. சந்தோசப்பட்டேன், சேர். ஒரு வருசமா அந்த ஒரு நாளுக்குத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருந்தேன்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை, வழியவிட்டார். "சும்மா எடுங்க பேர்ணடெற்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா எடுத்திருப்பேனே. தினமும் எடுத்திருப்பேனே."

இரத்தினசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எதிர்ப்பக்கம் கதவு திறந்தது. சிறிலுக்கும் நிலாமுக்கும் நடுவில் ஒரு கட்டை மனிதர் மெல்ல மெல்ல வந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே பொம்மென்று வீங்கியிருந்தது. அதை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தார். பாக்கியலெட்சுமி எழுந்து ஓடினாள். பேர்ணடெற்றும் எழுந்து ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அன்ரியிடம் நடந்ததைச் சொன்னார். குரல் உயர்த்தவில்லை. அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் உம்மைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுத்தான் தம்பி, அப்பிடி ஒருத்தர் இல்லை எண்டு சொன்னனான். எனக்குப் பயம். என்ர கடவுளே, அந்த மனிசன்."

"உங்களில பிழை இல்லை அன்ரி" என்றார் அவர். அது உண்மை என்றும் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் பதிப்பை ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். கணக்கு முதல் பக்கத்திலேயே இருந்தது. உதாரணம் வைத்து, கட்டம் போட்டு, தமிழில் ஒருதரமும் ஆங்கிலத்தில் ஒருதரமும். ரெலிபோன் நம்பரை எடுத்துவிட்டார். நிலாம் இந்தத் தடவை கடைசிவரை வாசித்தார். "இதுக்கு மேல யாருக்கும் விளங்காம ஈக்காது" என்றார். அவ்வளவு நல்ல கையேட்டை இரத்தினசிங்கம் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை.

ஜூலைக் கடைசி வந்தது. சேட் மாற்றவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மாற்றினார். கூடத்தில் போய் உட்கார்ந்தார். ரெலிபோன் அடிக்கவில்லை. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் வேலை செய்தது. பேர்ணடெற் எடுக்கிற நேரமாக இருந்தால் என்ன செய்வது என்று சட்டென்று கீழே வைத்தார்.

அன்ரி குசினியிலிருந்து வந்தார். டயலில் இருந்த குட்டிப் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "எடும், தம்பி" என்றார். உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

ஒரு வார்த்தை. சும்மாதான் எடுத்தனான் என்று சொன்னால் போதும். அவர் டயலைச் சுழற்றினார். அந்தப் பக்கம் மணி போனது. 

"ஹலோ, ஸ்டோர்ஸுங்க."

ஆண் குரல். "பேர்ணடெற் மிஸ் இருக்கிறாவோ? நான் இரத்தினசிங்கம், கையேடு..."

"ஐயோ சேருங்களா! நான் காளியப்பன் பேசுறேங்க. கையி இப்ப பரவாயில்லீங்க, இடது கையாலயே எழுதப் பழகிக்கிட்டேன். ஒங்க புண்ணியத்துலதான் சேர் வெளிய வந்தேன். நீங்க மட்டும் அன்னிக்கி வந்து அந்த எண்ண அடிக்கலேன்னா என் கெதி என்னா? பொஞ்சாதி ஒங்க பேரச் சொல்லித்தான் சாமி கும்புடுறா."

 கணக்கை அழித்ததை மிஸ் இவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"மிஸ்..." என்றார்.

அந்தப் பக்கம் காளியப்பன் ரிசீவரைக் கையால் பொத்துவது கேட்டது. பொத்தியும் சரியாகப் பொத்த வரவில்லை, பாவம், ஒரு கைதானே. பிரின்ரர் கீச்சிடும் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல், மாத்தறை பிஸ்கட் என்று வாசித்துக்கொண்டிருந்தது, நின்றது. ஏதோ மெல்லச் சொன்னது.

"மிஸ் இங்க இல்லீங்களே சேர்" என்றார் காளியப்பன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். "ஏதும் சொல்லணுங்களா?"

"இல்லை. புத்தகம் விளங்குதோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"நல்லா விளங்குதுங்க. எல்லாமே அதுல இருக்கு. இனி யாரயும் கேக்கத் தேவையே இல்லீங்க."

"நல்லது, காளியப்பன்" என்றார் இரத்தினசிங்கம். ரிசீவரை வைத்தார். மேசையில் கிடந்த குட்டிப் பூட்டை எடுத்து டயலின் ஓட்டையில் மாட்டி அமத்தினார். சாவியை அன்ரியின் கதவடியில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார்.